சாய்ந்து நின்ற சிலீப்பர் கட்டை

முதல் கட்டையைச் சாய்த்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் போனதால்தான் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போதும் ஒரு சுவரில் புதிதாக விரல்கடை அளவு காரை பெயர்ந்திருந்தால் பக்கத்தில் நிற்பவரின் நகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம்தான் வீடு. மறுபக்கம் கூட்ஸ் யார்டின் வேலி. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து தேய்ந்து, தள்ளுபடியான சிலீப்பர் கட்டைகளை நிமிர்த்தி வரிசையாக நட்டிருந்தார்கள். தார் எண்ணெய் குடித்த கறுப்புக் கட்டைகள். தலைக்கு மட்டும் சுண்ணாம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைத் தொப்பி போட்ட கறுப்பு மனிதர்கள் தோளோடு தோள் உரசி நிற்பது போல இருக்கும். வெயில் ஏறினால் அந்தக் கட்டைகள் தார் வியர்க்கும். அந்த வாசனைதான் எங்கள் தெருவின் வாசனை.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபது வயது. தானிய மண்டிக்காரர்கள் அனுப்பும் கிழிந்த கோணிப்பைகளை வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பது என் வேலை. வாசற்படியில் உட்கார்ந்து கோணி ஊசியை ஓட்டிக்கொண்டிருப்பேன். நாளெல்லாம் எனக்கு எதிரே வேலி. நாளெல்லாம் வேலிக்கு எதிரே நான்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிட்டு என்ன, அவருக்குக் காது கேட்காது. ரயில்வே பட்டறையில் பாய்லர் செய்யும் பிரிவில் வேலை. பாய்லரின் வயிற்றுக்குள் குந்தி உட்கார்ந்து, பழுக்கக் காய்ந்த ரிவிட் ஆணியின் பின்பக்கத்தை இரும்பால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே இருப்பவன் சம்மட்டியால் அடிப்பான். அடிப்பவன் காது மெதுவாகப் போகும், உள்ளே உட்காருபவன் காது சீக்கிரம் போகும். நைனா பதினெட்டு வருஷம் உள்ளே உட்கார்ந்தவர்.

காது போனவர்கள் நிறைந்த அந்தப் பட்டறையில் ஆளைக் கூப்பிட ஒரு முறை இருந்தது. சின்னக் கரித்துண்டை எடுத்து முதுகில் எறிவார்கள். முதுகில் ஏதாவது பட்டால் கையில் இருப்பதை அப்படியே நிறுத்தி, நின்று, திரும்பிப் பார்க்க வேண்டும். விளையாட்டுக்கு எறியக் கூடாது. எறிந்தவனோடு மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். அதே முறை எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுப்பு மேடையில் ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை. சாப்பாடு தயார் என்றால் அம்மா ஒரு கொட்டையை எறிவாள். நைனா உடனே திரும்புவார். எங்கள் வீட்டில் ‘நைனா’ என்ற சொல்லுக்குப் புளியங்கொட்டையின் எடை.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. யார்டுக்குள் கால் வைக்க மாட்டார். பட்டறை யார்டுக்கு அந்தப் பக்கம். குறுக்கே போனால் ஐந்து நிமிஷம். அவரோ வடக்கே அரை மைல் நடந்து, ரயில்வே கேட்டைத் தாண்டி, மறுபடி அரை மைல் தெற்கே திரும்பிப் பட்டறைக்குப் போவார். காரணம் தெருவுக்கே தெரியும். யார்டில் எஞ்சின் பெட்டிகளை இழுத்துப் போவதில்லை. ஓர் இடி இடித்துவிட்டு நின்றுவிடும். இடிபட்ட பெட்டி தன்பாட்டில், தலையும் இல்லாமல் புகையும் இல்லாமல் உருண்டு போகும். காது உள்ளவனே கவனமாக இருந்தால்தான் அது வருவது தெரியும்.

அந்த ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், எங்கள் வாசலுக்கு நேர் எதிரே ஒரு கட்டை சாய்ந்திருந்தது. விழவில்லை. பக்கத்துக் கட்டையின் தோளில் தலை வைத்துத் தூங்குவது போலச் சாய்ந்திருந்தது. தோல் மூட்டை ஏற்றிப் போகும் வண்டிக்காரன் முட்டியிருப்பான் என்று நினைத்தேன். பிறகு வண்டிச் சக்கரத்தின் தடத்தைப் போய்ப் பார்த்தேன். தடம் வேலிப் பக்கமே வரவில்லை. அடிமண்ணை யாரோ கிளறியது போல இருந்தது. எலியாக இருக்கலாம். மனிதனாகவும் இருக்கலாம்.

லைன் பார்க்கும் கேங்மேன் வந்தார். கட்டையைக் காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்தார். எழுதிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதினாரோ, போட்டாரோ.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு மீன்காரக்கா அந்தச் சாய்ந்த கட்டையின் மேல் ஈரச் சேலையை உலரப் போட்டாள். ராயபுரம் கரையில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்பவள். அதுவரை அந்த வேலியில் ஒரு கைக்குட்டையைக்கூட யாரும் போட்டதில்லை. நேராக நின்ற கட்டைக்கு ஏதோ ஒரு மரியாதை இருந்தது. சாய்ந்ததும் அது துணி உலர்த்தும் கம்பமாகிவிட்டது. அவள்தான் ராத்திரியோடு ராத்திரியாகச் சாய்த்திருப்பாள், சேலை போடத்தான் சாய்த்தாள் என்று முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள் அதன் அடியில் ஒரு கை சாம்பல் கிடந்தது. நான்காம் நாள் சாம்பலோடு மீன் செதிள். ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுச் சாம்பலை அள்ளிக்கொண்டு தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் புறப்பட்ட நான், பாதி வழியில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அங்கேயே கொட்டினேன். அங்கே ஏற்கெனவே சாம்பல் இருந்ததே. என் சாம்பல் எது, ஊர்ச் சாம்பல் எது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

அடுத்த வாரம் சாய்ந்த கட்டையைக் காணோம். அதற்கடுத்த நாள் அதன் அண்டைக் கட்டையும் பாதி உயரத்துக்கு வெட்டப்பட்டிருந்தது.

மோப்பம் பிடிக்க ஆரம்பித்தேன். சிலீப்பர் கட்டையை எரித்தால் புகை மறைக்க முடியாது. நீலமும் கறுப்புமாகக் கூரை வழியே வரும், தார் நாறும். சாயங்காலம் அடுப்பு மூட்டும் நேரம் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இப்படியும் அப்படியும் நடப்பேன். மீன்காரக்கா வீட்டுக் கூரையில் நீலப்புகை. போய் நின்றேன்.

“அக்கா, உங்க அடுப்புல தார் வாசன வருதே.”

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே நிமிரவில்லை. “உன் மூக்கு இன்னா போலீஸ் மூக்காமே? கீழ கெடந்துச்சு, பொறுக்கிகினு வந்தேன். நான் எடுக்கலன்னா வேற எவளாச்சும் எடுத்துகினு போவா. மொதல்ல உன் வூட்டு சோத்த மோந்து பாரு. அப்பால இங்க வா.”

வீட்டுக்கு வந்தேன். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகு, சீரகம், பூண்டு. அவற்றுக்கு அடியில், வெயில் ஏறிய வேலியின் வாசனை. அடுப்புக்குள் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு தலை எரிந்துகொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்காமல், கீழேதான் கிடந்தது என்றாள். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். பசி.

வேலியில் விழுந்த சந்துக்கு வாய் வந்துவிட்டது. ஆள் பக்கவாட்டில் நுழையலாம் என்றிருந்தது, பிறகு நேராகவே நுழையலாம் என்றானது. ஒருவர் போக இருவர் போக, சேறு மிதிபட்டுப் பாதையானது. பாதை வந்ததும் ஒரு டீக்கடை வந்தது. தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பாய் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நல்ல மனிதர். ஆனால் ஆள் வரத்து இருக்கும் என்று இவருக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்று அவரையும் சந்தேகப்பட்டேன். டீக்கடை வந்ததும், ஹார்பரில் அன்று வேலை கிடைக்காத நாலைந்து பேர் காலையிலிருந்து வந்து குந்தினார்கள். சீட்டாடினார்கள். வேலி ஓரம் ஒன்றுக்குப் போனார்கள். தாய்மார்கள் நடக்கும் தெருவில் முன்பு யாரும் அப்படிச் செய்ததில்லை.

நைனா மட்டும் வடக்கே நடந்துகொண்டிருந்தார். அதுதான் எனக்கு ஒரே நிம்மதி.

பட்டறைச் சங்கு ஊதி, மூடிய கேட்டில் காத்து நிற்பதையும் சேர்த்து, நாற்பது நிமிஷத்தில் அவர் வீடு வந்து சேருவார். ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பவளுக்கு நேரம் தையல் கணக்கில் தெரியும். சங்கு ஊதினால் ஒரு பையின் வாயைத் தைத்து முடித்து, அடுத்த பையின் பாதியில் நைனா தெருமுனையில் தெரிவார். ஒருநாள் முதல் பையே முடியவில்லை, வந்து நின்றார். தெருமுனை வழியாகத்தான் வந்தார். ஆனால் தெற்கு முனை வழியாக. செருப்பில் கறுப்பு எண்ணெய். கையை விரித்து, எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன்.

“கேட்டு தொறந்து இருந்துச்சும்மா,” என்றார். காது கேட்காதவர் குரல் பெரிதாகத்தான் இருக்கும். அன்று கொஞ்சம் கூடுதலாகவே பெரிதாக இருந்தது.

கேட்டு ஒருநாள் திறந்திருக்கலாம். வாரத்தில் நாலு நாள் திறந்திருக்குமா? தெற்கே வேறொரு கட்டை போயிருக்க வேண்டும், அங்கே நுழைந்து வருகிறார் என்று கணித்தேன். பத்து நாள் போனதும் அந்த நடிப்பும் தேவைப்படவில்லை. ஒரு காலையில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, எங்கள் வாசலைத் தாண்டி, நேரே எதிரே இருந்த சந்துக்குள் நுழைந்தார். முட்டி வலி அவருக்கு. ஊரே போகிறது. அம்மாவிடம் கேட்டேன். தெருவெல்லாம் போகும்போது அவரை மட்டும் எப்படி நிறுத்துவது என்றாள். அடுப்பில் அன்றும் தார் வாசனை. அந்த வாசனை இருக்கும்வரை அவள் அவரைக் கேட்க முடியாது. நானும்தான்.

நைனா எங்கள் வாசலுக்கு எதிரே நுழைந்து போக ஆரம்பித்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் ஒரு பொடிக்கல்லை அவர் முதுகில் எறிந்தான். நைனா உடனே நின்று திரும்பினார். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் நின்று, புரிந்துகொண்டு, சிரித்துவிட்டுப் போனார். வாசற்படியில் இருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். சிரித்தேன்.

மறுநாள் இரண்டு கல். அதற்கு மறுநாள் பந்தயம், எத்தனை தடவை திரும்புவார் என்று. ஐந்தாம் நாள் அவர் திரும்பவில்லை. தோளை ஒரு குலுக்கு குலுக்கினார், ஈயை விரட்டும் மாடு போல. பதினெட்டு வருஷம் திரும்பிய முதுகு.

அன்றுதான் எழுந்து போனேன். பட்டறையில் அந்தக் கல்லுக்கு ஓர் அர்த்தம் உண்டு, உங்கள் விளையாட்டு அதைக் கெடுக்கிறது என்று சொன்னேன். எறிந்தவன் சீட்டைக் கலைத்துக்கொண்டே பதில் சொன்னான்.

“சும்மா ஜாலிக்குமே. உங்க நைனாவே சிர்ச்சிகினு போறாரு. உனக்கு இன்னா பேஜாரு? நீயுந்தான் அன்னிக்கி பல்லக் காட்டினே.”

பாய் மட்டும் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, பாவம்டா, வயசானவரு என்றார். அவர்கள் இரண்டு நாள் எறியவில்லை. பிறகு எறிந்தார்கள்.

மார்கழிப் பனி இன்னும் தெளியாத ஒரு காலை. நைனா சந்துக்குள் நுழைந்து முதல் தண்டவாளத்தைத் தாண்டினார். நான் கோணியை மடியில் விரித்துக்கொண்டிருந்தேன். எங்கோ தெற்கே எஞ்சின் இடித்த சத்தம் கேட்டது. தினமும் நூறு தடவை கேட்கிற சத்தம்தான். ஏதோ தோன்றி நிமிர்ந்தேன். இரண்டாவது தண்டவாளத்தில், பனிக்குள்ளிருந்து, ஒரு பெட்டி தனியாக வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாத வருகை. நைனாவுக்கும் அந்தத் தண்டவாளத்துக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு எட்டு இருக்கும்.

ஓடினேன். சந்தின் வாயில் நின்று ஜல்லி ஒன்றை எடுத்து எறிந்தேன். முதுகின் நடுவில் பட்டது. அவர் தோளைக் குலுக்கினார். நடந்தார்.

இரண்டாவது கல். பின்னால் பார்க்காமலே கையை வீசினார், போங்கடா என்பது போல. நடந்தார்.

சீட்டாடியவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். கத்தல் என் காதில் மட்டும் விழுந்தது. மூன்றாவதாகக் கையில் வந்தது பெரிய கல். இனி எறிந்தால் அவர் தண்டவாளத்தின் மேலேயே நின்று திரும்பிவிடுவாரோ என்ற ஒரு கணம். முதுகைக் குறி பார்க்கவில்லை. தலையைக் குறி பார்த்து, பெற்ற தகப்பனின் தலையைக் குறி பார்த்து எறிந்தேன்.

ஓர் அடி முன்னே வைக்கப்போன கால் பின்னே வந்தது. திரும்பினார். குனிந்து ஒரு கல்லை எடுத்து ஓங்கியிருந்தார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த முகத்துக்குப் பின்னால் பெட்டியின் பலகைச் சுவர் மெதுவாகக் கடந்து போனது. அதன் காற்றில் அவர் சட்டை அசைந்தது. காற்று பட்டுத்தான் அவர் மறுபடி திரும்பிப் பார்த்தார். ஓங்கிய கல்லைக் கீழே போட்டுவிட்டு ஜல்லியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பாய் காப்பித்தூளைக் கொண்டுவந்து தலைக் காயத்தில் அப்பினார். ரத்தம் காதோரமாக இறங்கியது. நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டார்.

“மொத கல்லும் நீயா?”

மூன்று விரலைக் காட்டினேன். மூன்றும் நான்தான்.

“இவனுங்கன்னு நெனச்சேன்மா,” என்றார்.

சீட்டாடியவர்களில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதன்பிறகு அவர்கள் வேறெங்கோ குந்தப் போய்விட்டார்கள். கல்லெறிவது நின்றது. ஆனால் நைனாவின் முதுகு திரும்ப மறந்துவிட்டது. அம்மா புளியங்கொட்டை எறிந்தால் தோளைக் குலுக்குவார், திரும்ப மாட்டார். சாப்பிடக் கூப்பிட எதிரே போய் நிற்க வேண்டியிருந்தது. கிண்ணத்தில் இருந்த கொட்டைகளை அம்மா ஒருநாள் வேலி ஓரச் சாம்பலில் கொட்டிவிட்டாள்.

காயம் ஆறும்வரை கேட்டு வழியாகப் போனார். அதற்குள் வேலியின் திறப்பை அடைக்க எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். தைக்கவே உதவாத கோணிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு திரை தைத்து, இரு பக்கக் கட்டைகளிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். மீன்காரக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கோணியைக் கட்டி ரயிலை நிறுத்தப் போகிறாயா என்று கேட்டாள். ஆனால் அவளும் தாண்டவில்லை. எட்டு நாள் யாரும் தாண்டவில்லை. குப்பைகூடக் குறைந்தது. கேங்மேன் வந்து பார்த்து, மறுபடியும் எழுதிப் போடுவதாகச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் திரையில் ஒரு கிழிசல். கத்தியால் கிழித்தது, மேலிருந்து கீழே, ஒரே இழுப்பு. எனக்குப் பழைய ஜுரம் வந்தது. அக்காவின் மீன் வெட்டும் அரிவாள்மணையைப் பார்த்தேன். பாயின் ரொட்டிக் கத்தியைப் பார்த்தேன். தைத்தேன். மறுநாள் அதே இடத்தில் மறுபடி கிழிசல்.

அன்று சங்கு ஊதி, முதல் பையின் வாயை நான் தைத்து முடிப்பதற்குள் நைனா வந்து நின்றார். ஊசியில் குனிந்திருந்ததால் எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று பார்க்கவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றினார். அவர் தோளில், சட்டைத் தையலில், ஒரு கோணி நார் ஒட்டிக்கொண்டிருந்தது. என் மடியில் கிடக்கும் நாருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. என் மடியிலிருந்து பறந்து ஒட்டியிருக்கலாம். இருக்கலாம். அதை விரலால் எடுத்து அவருக்குக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முட்டியைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு திரையைத் தைக்கவில்லை. அவர் முதுகு இனி யாருக்கும் திரும்பாது. அவரைக் காப்பாற்ற வேண்டுமானால் முகத்துக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். மறுநாள் காலை அவருக்கு முன்னால் நானே சந்துக்குள் நுழைந்தேன். மூன்று தண்டவாளத்தையும் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று, அவர் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினேன். நில் என்று அர்த்தம். இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், கையை இறக்கினேன். அவர் வந்தார். தூக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனார். சாயங்காலமும் அப்படியே, இந்தப் பக்கம் நின்று.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு காலை அந்தப் பக்கம் நின்று கையைத் தூக்கியிருந்தேன். நைனாவுக்குப் பின்னால், சந்தின் வாயில், மீன்காரக்கா கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. அதற்கும் பின்னால் இன்னும் இரண்டு பேர். எல்லோரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கூடையைச் சரிசெய்துகொண்டு கத்தினாள்.

“கைய எறக்குமே. எம்மா நேரம்? மீனு நாறிடும்.”

கேட்டு வழியாகப் போங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் நின்றிருந்த இடத்தை நினைத்து மூடிக்கொண்டேன். கையை இறக்கினேன். எல்லோரும் தாண்டினார்கள். அன்று ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அக்கா கத்திய அந்தக் கணத்தில், கையை இறக்குவதற்கு முன்னால், நான் இடப்பக்கம் பார்த்தேனா? வலப்பக்கம் பார்த்தது நினைவிருக்கிறது. பனியும் வெள்ளைப் புகையும் நினைவிருக்கிறது. இடப்பக்கம் மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.